கனிவென்னும் கண்ணி

ஒருவர் மற்றொருவரை அடிமைகொள்ளும் உபாயங்களுள் அடியும் வசையும் மிகச் சாதாரணமானவை. கண்டோர் எவரும் அவற்றை அநீதியென்று கணப்பொழுதில் அறிந்துகொள்வர். ஆனால் கனிந்த முகத்தோடும் பச்சாத்தாபம் ததும்பும் மொழியோடும் அருகில் வந்து, நம்முடைய இரக்கத்தையே கயிறாகத் திரித்து நம்மைக் கட்டுகின்றவனை இனங்காண்பது அரிது. அத்தகைய ஒருவனை, கந்தோர் ஒன்றின் மேலதிகாரி ஆசனத்திலேயே அமர்த்திக் காட்டிய தமிழ்ப்படம், 1977ஆம் ஆண்டில் கே. பாலசந்தர் இயக்கத்தில் வெளிவந்த 'அவர்கள்'.

சந்தேகமும் குரூரமும் நிறைந்த கணவன் ராமநாதனிடமிருந்து விவாகரத்துப் பெற்றுக் குழந்தையோடு சென்னைக்கு வந்து, உத்தியோகத்தை நம்பி வாழத் தலைப்படுகிறாள் அனு. முன்னாள் காதலன் பரணி மறுபடியும் எதிர்ப்பட, அவள் வாழ்வு துளிர்க்கப்போகிறது என்று நாம் எண்ணும் வேளையில், அவள் வேலைபார்க்கும் இடத்துக்கே அதிகாரியாக வந்து சேர்கிறான் ராமநாதன். சுஜாதா அனுவாகவும், ரஜினிகாந்த் ராமநாதனாகவும் நடித்த இப்படத்தின் உயிர்நிலை இங்கேதான் இருக்கிறது. வந்தவன் அதட்டவில்லை, திருந்திவிட்டவனாக நடிக்கிறான். தன் பழைய பாவங்களைத் தானே எடுத்துரைத்து வருந்துகிறான். அவன் கெட்டவனாகவே இருந்திருந்தால் வெறுத்து ஒதுக்கியிருப்பாள். நல்லவனாகிவிட்டானோ என்ற ஐயமே அவளைத் தடுமாறச் செய்து, பரணியிடமிருந்து அவளைப் பிரிக்கும் அவனுடைய நோக்கத்துக்குத் துணைபோகிறது. 1944இல் வெளிவந்த 'காஸ்லைட்' என்ற ஆங்கிலப் படத்தின் கணவன், மனைவி தன் சித்தத்தையே சந்தேகிக்கும்படி செய்தான்; ராமநாதனோ, அனு தன் வெறுப்பின் நியாயத்தையே சந்தேகிக்கும்படி செய்கிறான்.

அதே கந்தோரில் ஜானி என்றொரு சக ஊழியனும் இருக்கிறான். கமல்ஹாசன் ஏற்ற அந்தப் பாத்திரம், கையில் 'ஜூனியர்' என்னும் பொம்மையை வைத்துக்கொண்டு, உதடசையாமல் அதைப் பேசவைக்கும் கலைஞன். அனுவின்மீது அவனுக்கும் அன்புண்டு. தன் வாயால் சொல்லத் துணியாததைப் பொம்மையின் வாயால் சொல்கிறான். ஒருவன் மரப்பொம்மையை ஆட்டித் தன் நெஞ்சைத் திறக்க, மற்றொருவன் உயிருள்ள மனிதரை ஆட்டித் தன் நெஞ்சை மறைக்கிறான். இந்த முரணை ஒரே கூரையின்கீழ் நிறுத்தியதில் பாலசந்தரின் மேதை விளங்குகிறது. சென்னைக் கணக்காயர் அலுவலகத்தில் ஊழியம் புரிந்துகொண்டே நாடகம் எழுதி வளர்ந்தவர் அவர். மேசைகளுக்கு நடுவே நிகழும் மௌனப் போர்கள் அவருக்கு அந்நியமானவை அல்ல. 1979இல் இக்கதையை அவரே தெலுங்கில் 'இதி கத காது' என எடுத்தபோது, ராமநாதனின் இடத்தில் சிரஞ்சீவி நடித்தார்.

கிழக்கிலங்கையில் சாகாமத்திலிருந்தும் அயலூர்களிலிருந்தும் அக்கரைப்பற்றுக்கும் கல்முனைக்கும் பஸ் ஏறிக் கந்தோருக்குப் போய்வரும் பெண்பிள்ளைகளுக்கு இந்தப் படம் பழங்கதையாகத் தோன்றாது. "தங்கச்சி, நீங்க ஏன் கஷ்டப்படுறீங்க, வீட்ட போங்க, மிச்சத்த நான் பாத்துக்கிறன்" என்று ஒரு மேலதிகாரி சொல்வது உண்மையான பரிவாகவும் இருக்கலாம். பின்னொரு நாள் திருப்பிக் கேட்கப்படும் கடனாகவும் இருக்கலாம். 1995ஆம் ஆண்டுத் திருத்தத்தின்பின் இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவு, வேலைத்தலத்தில் அதிகாரமுடையவர் சொல்லாலோ செயலாலோ புரியும் பாலியல் தொந்தரவையும் ஐந்தாண்டுவரை சிறைத்தண்டனைக்குரிய குற்றமாக்கியிருக்கிறது. அச்சட்டம் மிக அவசியமானது. ஆயினும் உபகாரத்தின் வேடத்தில் படிப்படியாக நெருங்கும் ஆதிக்கத்தைச் சாட்சி வைத்து நிரூபிப்பது எளிதன்று. ஆகவே விவேகமே முதற்காவலாக வேண்டியிருக்கிறது.

அந்த விவேகத்துக்கு உரைகல் ஒன்றுண்டு. மெய்யாகவே மனந்திருந்தியவன், தன்னை மன்னிக்கும்படி வேண்டலாம். ஆனால் மன்னிக்க மறுக்கும் உரிமையையும் எதிரில் இருப்பவருக்கு விட்டுக்கொடுப்பான். மறுத்த மாத்திரத்தில் முகம் கறுத்து, செய்த உதவிகளைக் கணக்குச் சொல்லத் தொடங்குகிறவனுடைய கனிவு, முதல்நாள் தொட்டே வலையாக இருந்தது. படத்தின் முடிவில் அனு மூன்று ஆடவரையும் விட்டு, மாமியாரின் துணையோடு வேறோர் ஊருக்கு ரயிலேறுகிறாள். அக்காலத்து ரசிகர் பலர் அவளுக்கு ஒரு கல்யாணத்தை எதிர்பார்த்திருக்கக்கூடும். எவருக்கும் கடன்படாமல் "வேண்டாம்" என்று சொல்லும் சுதந்திரத்தை அவளுக்கு அளித்ததே, ஓர் இயக்குநர் தம் கதாநாயகிக்குச் செய்யக்கூடிய மேலான நியாயம் என்பது என் துணிபு.