எழுத்தோடு எழுத்தாக வரும் கட்டளை

கட்டளைகளைத் தட்டும் டெர்மினல் சாளரத்தில் பிழைச் செய்தி மட்டும் சிவப்பாக வருகிறது. கோப்பு இறங்கும்போது விழுக்காட்டு எண் நின்ற இடத்திலேயே மாறிக்கொண்டிருக்கிறது. நிறத்தையும் இடத்தையும் சொல்லத் தனிவழி எதுவும் இல்லை. எழுத்துகள் வரும் வரிசையிலேயே கட்டளைகளும் கலந்து வருகின்றன.

எழுத்துகளுக்கு எண் தரும் ஆஸ்கி அட்டவணையில் 27ஆம் எண்ணுக்கு எஸ்கேப் என்று பெயர். திரையில் அதற்கு உருவம் கிடையாது. அதையடுத்து '[' வந்தால், இனி வருவது கட்டளை என்று டெர்மினல் எடுத்துக்கொள்ளும். பிறகு எண்கள் வரும். என்ன வேலை என்பதைக் கடைசியில் வரும் ஆங்கில எழுத்து சொல்லும். 31உடன் சின்ன 'எம்' வந்தால் சிவப்பு, 32 என்றால் பச்சை. 5;10உடன் பெரிய 'எச்' வந்தால் கர்சர் ஐந்தாம் வரியின் பத்தாம் கட்டத்துக்குப் போகும். வேறு நிறக் கட்டளையோ 0உடன் 'எம்'மோ அனுப்பும்வரை நிறம் மாறாது; அதை அனுப்பாமல் முடியும் நிரல் தன் சிவப்பை அடுத்து வருவதன்மேலும் பூசிவிடும்.

1970களில் ஒவ்வொரு டெர்மினல் கருவிக்கும் ஒவ்வொரு குறியீடு. பெர்க்லியில் பில் ஜாய் அவற்றையெல்லாம் தொகுத்து 'டெர்ம்கேப்' உருவாக்கியதால்தான் அவருடைய வி.ஐ. தொகுப்பி பலவகைத் திரைகளில் ஓடியது. 1978இல் டெக் நிறுவனத்தின் விடி100 வந்தது. 1979இல் இந்தக் கட்டளைகளுக்கான ஆன்சி தரம் வெளியானது. விடி100 அப்போது உருவாகிக்கொண்டிருந்த அந்தத் தரத்தை ஒட்டி நடந்தது, நன்றாக விற்றது; மற்றவர்களும் அதே வழிக்கு வந்தார்கள். அதன் திரையில் 24 வரிகள், வரிக்கு 80 கட்டங்கள். நிறமே கிடையாது! தடித்த எழுத்து, அடிக்கோடு, மினுக்கல், தலைகீழ் ஒளி, அவ்வளவுதான். இன்றைய டெர்மினல் சாளரங்கள் இன்னும் அதைப்போலவே நடந்துகொள்கின்றன. விண்டோஸ் கன்சோல்கூட விண்டோஸ் 10இல் இந்த வழிக்குத் திரும்பியது.

கட்டளையும் எழுத்தும் ஒரே வரிசையில் வருவதில் ஆபத்தும் உண்டு. படக்கோப்பு ஒன்றைத் தவறுதலாகத் திரையில் கொட்டினால், அதிலுள்ள 27கள் கட்டளைகளாகிவிடும், திரை குழம்பும். யுனிக்ஸில் 'ரீசெட்' என்று தட்டினால் சரியாகும்.

தமிழுக்கு வேறொரு சிக்கல். திரை சம அகலக் கட்டங்களால் ஆனது என்பதே இந்த ஏற்பாட்டின் அடிப்படை. 'கொ' நம் கண்ணுக்கு ஓர் எழுத்து. யூனிகோடிலோ ககரமும் ஒகரக் குறியுமாக இரண்டு. அதற்கு எத்தனை கட்டம் என்பதில் நிரலின் கணக்கும் டெர்மினலின் கணக்கும் வேறுபட்டால் கர்சர் தவறான இடத்தில் நிற்கும், அட்டவணைக் கோடுகள் கோணும். தமிழ்ப் பெயர்கள் வரும் நிரலில் எழுத்துகளை எண்ணி இடத்தை ஊகிக்கவே கூடாது. கர்சர் எங்கே நிற்கிறது என்று டெர்மினலையே கேட்கலாம்: 6உடன் சின்ன 'என்' அனுப்பினால், வரி எண்ணும் கட்ட எண்ணும் பதிலாக வரும்.