எந்தக் கடிகாரம்? கத்ரீனாவும் ராணுவத்தின் வேகமும்

'ராணுவம் ரொம்பத் தாமதமா வந்தது', 'இல்லை, முடிஞ்ச வேகத்துலதான் வந்தது'. 2005ஆம் வருடக் கத்ரீனா புயலைப் பற்றிய சச்சரவு இந்த இரண்டு வாக்கியங்களுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கிறது. எந்த ராணுவம், எதிலிருந்து எண்ணுவது என்று இரு தரப்பாரும் கேட்டுக்கொள்வதாகத் தெரியவில்லை.

ஆகஸ்ட் 29 காலை புயல் லூசியானாவில் கரையைக் கடந்தது. அன்றே தடுப்புக்கரைகள் உடைந்து நியூ ஆர்லியன்ஸ் மூழ்கியது. கடலோரக் காவல் படை அன்று பிற்பகலே ஹெலிகாப்டரில் ஆட்களைத் தூக்க ஆரம்பித்துவிட்டது. அது மீட்டவர்கள் மொத்தம் 33,000க்கும் மேல். மாநிலத் தேசியக் காவல் படை ஊருக்குள்ளேயே இருந்தது. ஆனால் அதன் தலைமையகமான ஜாக்சன் பாரக்ஸுக்குள்ளேயே வெள்ளம். அதன் வீரர்கள் சுமார் 3,000 பேர் இராக்கில். மாநாட்டு மையத்தில் கிடந்த ஆயிரக்கணக்கானவர்களுக்கு அந்தப் படை சோறும் தண்ணீரும் கொண்டுவந்தது செப்டம்பர் 2இல். முழுநேர ராணுவத்தினர் 7,000 பேருக்கு மேல் அனுப்பும்படி ஜனாதிபதி புஷ் உத்தரவிட்டதோ செப்டம்பர் 3இல். இத்தனையையும் 'ராணுவம்' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் அடைத்தால் யாருடைய காத்திருப்பு அது என்பதே மறைந்துபோகிறது.

சட்டம் தடுத்தது என்பார்கள். 1878ஆம் வருடத்துப் பாஸி காமிட்டேட்டஸ் சட்டம் ராணுவம் போலீஸ் வேலை பார்ப்பதைத்தான் தடுக்கிறது. தண்ணீர் கொடுப்பதை அல்ல. இங்கேதான் சொல்லாடல் தன் வேலையைக் காட்டியது என்பேன். கொலை, கொள்ளை, துப்பாக்கிச்சூடு என்று வதந்திகள் பரவின. பெரும்பாலும் பொய், மிகை என்று பிறகு தெரிந்தது. அதற்குள் பசித்துக் கிடந்த கறுப்பின ஏழைகள் அடக்கப்பட வேண்டியவர்களாகக் கட்டமைக்கப்பட்டாயிற்று. நிவாரணம் காவல் பிரச்சினையாக மாறியதும் படை யார் கட்டளையில் இயங்குவது என்று கவர்னர் பிளாங்கோவுக்கும் வெள்ளை மாளிகைக்கும் இழுபறி. ('கடி' என்ற உரிச்சொல்லுக்குத் தொல்காப்பியர் சொல்லும் பொருள்களில் விரைவு, காப்பு, அச்சம் மூன்றுமே உண்டு. எம்.ஏ. வகுப்பில் மனப்பாடம் பண்ணியது, இப்பதான் உறைக்கிறது.)

செப்டம்பர் 4இல் டான்ஸிகர் பாலத்தில் போலீஸ் சுட்டு இருவர் செத்தார்கள், நிராயுதபாணிகள். ஜெனரல் ஓனரே வந்ததும் வீரர்களைப் பார்த்துத் துப்பாக்கியைத் தாழ்த்தச் சொன்னார். எத்தனை மணி நேரத்தில் வந்தார்கள் என்ற கணக்கில் இந்த உத்தரவுக்கு இடமில்லை. என் பார்வையில் அதுதான் முக்கியம்.

1992 ஆண்ட்ரூ புயலின் மூன்றாம் நாள், புளோரிடாவின் டேட் வட்டார அதிகாரி கேட் ஹேல், குதிரைப்படை எங்கே என்று காமிராக்களின் முன் கேட்டார். கௌபாய் படத்துச் சொல் அது. அந்தப் படங்களில் குதிரைப்படை யார்மீது பாய வருகிறது என்பது நமக்குத் தெரியும்.

கத்ரீனாவுக்குப் பிறகு, 2006இல், இயற்கைப் பேரிடரின்போது ஒழுங்கை நிலைநாட்ட ஜனாதிபதி ராணுவத்தை இறக்கச் சட்டம் திருத்தப்பட்டது. கவர்னர்கள் எதிர்த்தார்கள்; 2008இல் அது ரத்தாயிற்று.