அம்பதாயிரம் தள்ளுபடின்னா எதுல இருந்து? பாகூர், வில்லியனூர்ல இருந்து ஒரு எஸ்யூவி வாங்கறது எப்படி

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சற்றுச் சுருக்கப்பட்டுள்ளது.)

இந்த வாரம் பாகூர்ல இருந்து வந்த ஒரே ஒரு கேள்வியை வெச்சு முழு எபிசோடும் பேசப்போறோம். கேள்வி இதுதான்: "வேலைக்குத் தினமும் பாண்டி போய் வர்றேன். வீட்ல அஞ்சு பேர், அப்பாவுக்கு முட்டி வலி. கையில அஞ்சு லட்சம் இருக்கு, மீதி லோன். கிரெட்டாவா, கிராண்ட் விட்டாராவா, எலிவேட்டா? ஷோரூம்ல அம்பதாயிரம் குறைக்கிறேன்னு சொல்றாங்க. ஓகே சொல்லிடலாமா?"

கடைசிக் கேள்விக்கு முதல்ல பதில் சொல்லிடறேன். இப்போதைக்கு ஓகே சொல்லாதீங்க. அம்பதாயிரம் பெரிய தொகையா சின்ன தொகையான்னு அந்த எண்ணை மட்டும் வெச்சுச் சொல்ல முடியாது. எந்த வரியில குறைக்கறாங்க, குறைச்சதை வேற எந்த வரியில திரும்ப எடுத்துக்கறாங்கன்னு பார்க்கணும். அதுக்கு முன்னாடி எந்த வண்டின்னு முடிவாகணும். மனசுல ஒரே ஒரு வண்டியோட, அதுவும் ஒரே ஒரு கலரோட உள்ளே போறவர்கிட்ட பேரம் பேசற பலம் கிடையாது. அது விக்கறவருக்கும் நல்லாத் தெரியும்.

எந்த வண்டி

நம்ம ஊர்ல இந்த சைஸ் எஸ்யூவி மோகத்தை 2012-ல் ரெனோ டஸ்டர் ஆரம்பிச்சு வெச்சது. 2015-ல் வந்த ஹூண்டாய் கிரெட்டா அதை வீட்டுக்கு வீடு கொண்டுபோச்சு. டஸ்டர் ஓரகடத்துல, கிரெட்டா ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில தயாரானவை. இன்னைக்கு செல்டோஸ், கிராண்ட் விட்டாரா, ஹைரைடர், எலிவேட், குஷாக், டைகுன், கர்வ், விக்டோரிஸ்னு பட்டியல் நீண்டிருக்கு. எல்லாமே ஏறத்தாழ 4.2 முதல் 4.4 மீட்டர் நீளம்.

இந்த நீளம் முக்கியம், ஏன்னா 4 மீட்டர்ல ஒரு வரிக் கோடு இருக்கு. 2025 செப்டம்பர் 22-ல் ஜிஎஸ்டி மாறினப்போ, 4 மீட்டருக்குள்ள இருந்து, பெட்ரோல்னா 1200 சிசி, டீசல்னா 1500 சிசிக்கு மேல போகாத கார்களுக்கு 18 சதவீதம்னு ஆச்சு. அதைத் தாண்டினா 40. நம்ம மிட்சைஸ் வண்டிகளுக்கு முன்னாடி செஸ்ஸோட சேர்த்து 45 இருந்தது, அதனால இதுவும் குறைஞ்சதுதான். ஆனா வரிக்கு முன் எட்டு லட்சம் விலையுள்ள ஒரு வண்டி, கோட்டுக்கு இந்தப் பக்கம்னா 9.44 லட்சம், அந்தப் பக்கம்னா 11.20 லட்சம். பூட் இடமும் பின் சீட்டுல மூணாவது ஆளுக்குத் தோள் இடமும் உங்களுக்கு நிஜமாவே தேவையான்னு வீட்ல ஒரு தடவை பேசிடுங்க. அஞ்சு பேர் அடிக்கடி ஒண்ணா போறீங்கன்னா தேவைதான். தீபாவளிக்கும் கல்யாணத்துக்கும் மட்டும்னா, யோசிக்கலாம்.

சரி, மிட்சைஸ்தான்னு முடிவு பண்ணியாச்சு. இப்போ உங்க ரோட்டை யோசிங்க. பாகூர்ல இருந்து கடலூர் மெயின் ரோட்டுக்கு வர்றதுக்குள்ள எத்தனை வேகத்தடை, அறுவடை நேரத்துல பாதி ரோட்டுல நெல்லு காயும்போது எதிர்ல டிராக்டர் வந்தா எவ்வளவு இடம் மிஞ்சும், இதெல்லாம் யூடியூப் ரிவியூவுல வராது. எலிவேட்டோட கிரவுண்ட் கிளியரன்ஸ் 220 மில்லிமீட்டர், கிரெட்டா 190, குஷாக்கும் டைகுனும் 188. அஞ்சு பேரும் லக்கேஜும் ஏறினப்புறம்தான் இந்த முப்பது மில்லிமீட்டரோட அருமை தெரியும். டெஸ்ட் டிரைவ் வண்டியை வீட்டுக்கே வரச் சொல்லுங்க, உங்க தெருவுல ஓட்டுங்க. அப்பாவை நாலு தடவை ஏறி இறங்கச் சொல்லுங்க. முட்டி வலிக்காரருக்கு உயரமான வண்டி நல்லதுன்னு பொதுவா சொல்வாங்க. சீட் இடுப்பு உயரத்துக்கு இருந்தா நல்லது. அதுக்கு மேல போனா கால் தூக்கி வைக்கணும், வாசற்படி அகலமா இருந்தா இன்னும் கஷ்டம். இதை அப்பாவோட முட்டிதான் சொல்லணும்.

எரிபொருள் விஷயம். "நிறைய ஓடும், டீசல் எடுத்துக்கோ"ன்னு ஒரு மாமா கண்டிப்பா சொல்வார். கணக்கு போட்டுப் பார்ப்போம். டீசல் வண்டி சுமார் ஒன்றரை லட்சம் கூடுதல்னு வைங்க. பெட்ரோல் லிட்டர் 96 ரூபாய், நிஜ மைலேஜ் 13. டீசல் 86 ரூபாய், மைலேஜ் 18. கிலோமீட்டருக்கு 2 ரூபாய் 60 காசு மிச்சம். ஒன்றரை லட்சம் திரும்ப வர 57,000 கிலோமீட்டருக்கு மேல ஓட்டணும். தினம் 35, 40 கிலோமீட்டர் போற பாகூர்க்காரருக்கு அஞ்சு வருஷம். வில்லியனூர்ல இருந்து பாண்டிக்குப் பத்து கிலோமீட்டர் போறவருக்கு அதுல இரண்டு மடங்கு. அதோட இன்னொண்ணு: பிஎஸ்-6 டீசல்ல புகைக்கரியைப் பிடிக்கிற டிபிஎஃப்னு ஒரு ஃபில்டர் இருக்கு. வண்டி கொஞ்ச நேரம் வேகமா ஓடினாத்தான் அந்தக் கரி எரிஞ்சு சுத்தமாகும். இந்திரா காந்தி சிலை சிக்னல்ல நிக்கறதும் பத்து கிலோமீட்டர் ஓட்டமுமா இருந்தா அது அடைச்சுக்கும். அந்த மாதிரி நின்னு நின்னு போறவங்களுக்கு கிராண்ட் விட்டாரா, ஹைரைடர்ல வர்ற ஸ்ட்ராங் ஹைப்ரிட் பொருந்தும். கிராண்ட் விட்டாராவோட சான்றிதழ் மைலேஜ் 27.97. ஆனா பேட்டரி பூட்ல உட்கார்ந்திருக்கு. அஞ்சு பேர் பையோட ஊருக்குப் போறப்போ அது தெரியும்.

பாதுகாப்பு பத்தி நீளமா பேச மாட்டேன். குஷாக்கும் டைகுனும் 2022-ல் குளோபல் என்கேப்ல அஞ்சு ஸ்டார் வாங்கினவை. கர்வும் விக்டோரிஸும் பாரத் என்கேப்ல அஞ்சு ஸ்டார். நீங்க பார்க்கற மாடலுக்கு ரேட்டிங் இருக்கான்னு கேளுங்க. "ஆறு ஏர்பேக் இருக்கு சார்"ங்கறது அந்தக் கேள்விக்குப் பதில் இல்லை.

என் சாய்வைக் கேட்டா, இந்தக் கேள்வி கேட்டவருக்கு பெட்ரோல் எலிவேட்டையும் கிரெட்டாவையும் இறுதிச் சுற்றுக்கு எடுத்துட்டுப் போவேன். ரெண்டு வண்டி இருக்கணும். பேரத்துக்கு அதுதான் அடித்தளம்.

கோட்டேஷன்

ஷோரூம்ல கேக்க வேண்டிய முதல் விஷயம், வரி வரியா பிரிச்ச கோட்டேஷன். "ஆன்ரோடு பதினஞ்சரை சார், உங்களுக்காகப் பதினஞ்சு"ன்னு வாய்ல சொல்றது கோட்டேஷன் இல்லை. எக்ஸ்-ஷோரூம் விலை, சாலை வரி, இன்ஷூரன்ஸ், ஃபாஸ்டேக், ஆக்சசரீஸ், கூடுதல் வாரண்டி, டிசிஎஸ், ஹேண்ட்லிங்னு தனித்தனியா வரணும்.

எக்ஸ்-ஷோரூம் கம்பெனி வெச்ச விலை. அதுல தள்ளுபடி எத்தனை வகைன்னு கேளுங்க: கம்பெனி தர்ற கேஷ் ஆஃபர், பழைய வண்டிக்கு எக்ஸ்சேஞ்ச் போனஸ், அரசு ஊழியர் அல்லது கார்ப்பரேட் சலுகை, கடைசியா டீலர் தன் கையில இருந்து தர்றது. முதல் மூணும் தகுதி இருந்தா உங்களுக்கு வர வேண்டியது. அதைக் காட்டி "அம்பதாயிரம் குறைச்சுட்டேன்"னு சொன்னா, பேரம் இன்னும் ஆரம்பிக்கவே இல்லைன்னு அர்த்தம்.

டிசிஎஸ், பத்து லட்சத்துக்கு மேல விலையுள்ள காருக்கு 1 சதவீதம். அது செலவு கிடையாது, வருமான வரிக் கணக்குல கழிச்சுக்கலாம், திரும்பவும் வாங்கலாம். பான் நம்பர் சரியா எழுதியிருக்கான்னு மட்டும் பாருங்க. நம்பர் பிளேட்டுக்குத் தனியா காசு கேட்டா கொடுக்காதீங்க. 2019 ஏப்ரலுக்கு அப்புறம் தயாரான வண்டிகளுக்கு உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட் வண்டியோடவே வரணும். ஹேண்ட்லிங் சார்ஜ்ங்கறது எந்த அரசு அட்டவணையிலயும் இல்லாத ஒரு வரி. அடிச்சுடச் சொல்லுங்க. கேட்டா பெரும்பாலும் அடிப்பாங்க.

பெரிய பணம் ஒளிஞ்சிருக்கற இடம் இன்ஷூரன்ஸ். புது காருக்கு மூணு வருஷ தேர்ட் பார்ட்டி கட்டாயம். 1000 சிசிக்கு மேல 1500 வரைக்கும் அதோட பிரீமியம் 2022 ஜூன்ல அரசே நிர்ணயிச்ச 10,640 ரூபாய், கூட ஜிஎஸ்டி. அது எங்க வாங்கினாலும் ஒண்ணுதான். சொந்த சேதத்துக்கான பகுதிதான் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். டீலர்கிட்டயே எடுக்கணும்னு சட்டம் இல்லை. அதே ஐடிவி, அதே ஆட்-ஆன் வெச்சு வெளியில ரெண்டு இடத்துல விலை வாங்கிட்டு வந்து காட்டுங்க. "வெளியில எடுத்தா டிஸ்கவுண்ட் கிடையாது"ன்னு சொன்னா, அந்தத் தள்ளுபடி எங்கிருந்து வந்ததுன்னு அவங்களே சொல்லிட்டாங்க. பழைய காரை விக்கறீங்கன்னா அதுல சேர்ந்த நோ கிளைம் போனஸ் உங்களோடது, 50 சதவீதம் வரைக்கும் புது வண்டிக்கு மாத்தலாம்.

ஆனா ஒரு ஆட்-ஆன்ல கஞ்சத்தனம் வேண்டாம்: இன்ஜின் ப்ரொடெக்ட். 2024 ஃபெஞ்சல் புயல்ல புதுச்சேரியில ஒரே நாள்ல 48 சென்டிமீட்டர் மழை. அடுத்த ரெண்டு மூணு நாள்ல சாத்தனூர் அணைத் தண்ணி தென்பெண்ணையில இறங்கி பாகூர் பக்கத்து ஊர்களுக்குள்ள வந்துச்சு. தண்ணிக்குள்ள நிக்கிற வண்டியை ஸ்டார்ட் பண்ணி இன்ஜின் போனா, சாதாரண பாலிசி அதை உங்க தப்புன்னு ஒதுக்கிடும். 220 கிளியரன்ஸ் இருந்தாலும் அன்னைக்குப் பத்தியிருக்காது. சங்கராபரணி ஓரத்து வில்லியனூர்க்காரர்களுக்கும் இதேதான்.

வரியும் எல்லையும்

தமிழ்நாட்டுல 2023 நவம்பர்ல இருந்து, பத்து முதல் இருபது லட்சம் விலையுள்ள காருக்கு ஆயுட்கால வரி 18 சதவீதம். புதுச்சேரியில அதைவிட ரொம்பக் கம்மி. இந்த வித்தியாசத்துக்காகத்தான் கேரள சினிமா நட்சத்திரங்கள் சிலர் சொகுசு கார்களைப் பாண்டி முகவரியில பதிவு பண்ணி 2017-ல் வழக்குல மாட்டினாங்க. கோட்டேஷன்ல சாலை வரி லட்சக்கணக்குல இருந்தா, தமிழ்நாட்டு ரேட்டைப் போட்டிருக்காங்களான்னு பாருங்க. அந்த மாத அட்டவணையை ஆர்டிஓ ஆபீஸ்லயே கேட்டு ஒப்பிட்டுக்கோங்க.

இதுல ஒரு சங்கடம் வரும். பாகூரைச் சுத்தி நாலு பக்கமும் தமிழ்நாடு. ரெட்டிச்சாவடியில இருக்கற மச்சான் "உன் அட்ரஸ்ல ஒரு வண்டி போட்டுக்கறேன்டா, ரெண்டு லட்சம் மிச்சம்"னு கேட்பார். வேண்டாம். வண்டி வழக்கமா எங்க நிக்குதோ அங்கதான் பதியணும்னு சட்டம். வேற மாநிலத்துல 12 மாசத்துக்கு மேல வெச்சிருந்தா அங்க மறுபதிவு. அதைவிட முக்கியம், விபத்து நடந்தா பதிவுல யார் பேர் இருக்கோ அவர்தான் உரிமையாளர்னு 2018-ல் நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்குல உச்ச நீதிமன்றம் தெளிவா சொல்லியிருக்கு. மச்சான் ஓட்டின வண்டிக்கு நீங்க நஷ்டஈடு கட்டுவீங்க. இதைச் சொன்னா மச்சான் கோவிச்சுக்குவார், கொஞ்ச நாள்ல சரியாயிடும்.

எல்லையில இருக்கறதோட நல்ல பக்கம் வேற. பாகூர்க்காரருக்குப் பாண்டியைவிடக் கடலூர் கிட்ட. வில்லியனூர்க்காரருக்கு விழுப்புரம் அரை மணி. மூணு ஊர்லயும் வேற வேற டீலர். ஜிஎஸ்டி எங்கயும் ஒண்ணுதான், கடலூர்ல வாங்கினாலும் தற்காலிகப் பதிவு போட்டு வண்டியைக் கொண்டுவந்து புதுச்சேரியில புதுச்சேரி வரியோட பதியலாம். சில டீலர் வெளியூர் விற்பனைக்குத் தயங்குவாங்க. அப்பவும் எழுதிக் கொடுத்த அவங்க கோட்டேஷன் உங்க கையில இருக்கே. அதை எடுத்துட்டுப் போய் வீட்டுக்குப் பக்கத்துல இருக்கற ஷோரூம்ல நிதானமா ஒரே வாக்கியம் சொல்லுங்க: "அண்ணா, சர்வீஸுக்கு உங்ககிட்டதான் வரப்போறேன், இந்த விலைக்கு வந்தீங்கன்னா இன்னைக்கே புக் பண்றேன்." சொல்லிட்டுச் சும்மா இருங்க. அவர் மேனேஜர் ரூமுக்குப் போயிட்டு வரட்டும்.

எப்போ போகணும்? ஆடியில நம்ம ஊர்ல யாரும் வண்டி எடுக்க மாட்டாங்க, டார்கெட் மட்டும் அப்படியே இருக்கும். அதைவிட நல்லது மார்கழி. டிசம்பர் 31-க்குள்ள அந்த வருஷத் தயாரிப்பைத் தள்ளணும்னு டீலர் தவிப்பார், நம்மாளுங்க தை பிறக்கட்டும்னு காத்திருப்பாங்க. வீட்ல பெரியவங்களைச் சம்மதிக்க வெச்சா, வருஷத்துலயே பெரிய தள்ளுபடி அப்போதான். பழைய தயாரிப்பு வருஷம்ங்கறது மூணு வருஷத்துல விக்கறவருக்கு நஷ்டம், பத்து வருஷம் வெச்சிருக்கறவருக்குப் பெரிசா இல்லை. ஆயுத பூஜைக்கு முந்தின வாரம் போய்ப் பேரம் பேசாதீங்க.

லோனையும் தனியா பேசுங்க. பத்து லட்சத்துக்கு ஏழு வருஷம்னா 9 சதவீதத்துல மாசம் 16,089, 10 சதவீதத்துல 16,601. மாசம் ஐநூறுதானேன்னு தோணும். மொத்தத்துல 43,000. ஷோரூம்ல குறைச்ச அம்பதாயிரம் அங்க உட்கார்ந்திருக்கற ஃபைனான்ஸ்காரர் மேஜையில திரும்பப் போறது இப்படித்தான். உங்க சம்பள அக்கவுண்ட் இருக்கற வங்கியில முதல்ல ரேட் கேட்டு எழுதி வாங்கிட்டுப் போங்க. அதே 9 சதவீதத்துல அஞ்சு வருஷம்னா மாசம் 20,758 வரும், ஆனா மொத்தத்துல ஒரு லட்சத்துக்கு மேல மிச்சம்.

கடைசியா, முழுப் பணத்தைக் கட்டறதுக்கு முன்னாடி உங்களுக்குன்னு ஒதுக்கின வண்டியைப் பகல் வெளிச்சத்துல பாருங்க. சேஸிஸ் நம்பரை எழுதிக்கோங்க, விற்பனைச் சான்றான படிவம் 21-ல் தயாரிப்பு மாதமும் வருஷமும் இருக்கும், ரெண்டும் பேசினபடி இருக்கான்னு ஒத்துப் பாருங்க. ஓடோமீட்டர், டயர், பெயிண்ட், ஸ்டெப்னி, ரெண்டு சாவி. பதிவு எண் இல்லாம, தற்காலிக எண்ணாவது இல்லாம டீலர் வண்டியை வெளியே விடக் கூடாது, நல்ல நேரம் தவறிடும்னு நீங்களும் அவசரப்படுத்தாதீங்க.

அடுத்த எபிசோடுல செகண்ட் ஹேண்ட் கார். பி.ஒய். நம்பர் வண்டியைத் தமிழ்நாட்டுக்காரர் வாங்கினா என்ன ஆகும்ங்கறதையும் அதுல பார்ப்போம்.