போடி மலைக்குப் போகிறீர்களா?

ஏலக்காய்க்கே ஏலம் போடும் ஊர் போடிநாயக்கனூர்!

தேனி மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் இருக்கிறது இந்த ஊர். மதுரையில் இருந்து 1928-ம் ஆண்டிலேயே இங்கு ரெயில் பாதை போட்டார்கள். அகலப் பாதை வேலைக்காக 2010-ம் ஆண்டின் கடைசியில் ரெயில் நின்றது. போடி மக்கள் 12 ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்தார்கள். 2023-ம் ஆண்டு ஜூன் 15-ந்தேதி ரெயில் மீண்டும் வந்தது. இப்போது சென்னையில் இருந்தே ஏறி வரலாம்.

மலையில் நாலு நாள் தங்கி வரப் புறப்படுகிறவர்கள், போடிக் கடைத்தெருவைப் பார்க்காமல் திரும்புவதில்லை.

நல்ல காய் எது?

ஏலக்காய் விளைவது பெரும்பாலும் மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில். வியாபாரம் நடப்பது போடியில். விடியும் முன்பே ஜீப்புகளில் ஏறித் தோட்ட வேலைக்குப் போகிறார்களே, அவர்களில் பலர் இந்தப் பக்கத்துப் பெண்கள்தான்.

"இத்தனூண்டு காய்க்கு இவ்வளவு விலையா?" என்று கேட்காத இல்லத்தரசி இல்லை. ஏறத்தாழ 5 கிலோ பச்சைக் காயை உலர வைத்தால் 1 கிலோதான் கிடைக்கும். உலர்ந்த காயைச் சல்லடையில் சலித்துத் தரம் பிரிக்கிறார்கள். 8 மில்லி மீட்டருக்குப் பெரிய காய்க்குத் தனி மவுசு!

ஆனால் வீட்டுப் பாயசத்துக்குப் பெரிய காய்தான் வேண்டும் என்பது இல்லை. ஒரு காயைப் பிரித்துப் பாருங்கள். விதை கறுப்பாக, கையில் ஒட்டுவது போல இருந்து, மணம் குப்பென்று வந்தால் போதும். காய் அளவுக்கு மீறிப் பச்சையாக இருக்கிறதா? தண்ணீரில் போட்டுப் பாருங்கள். சாயம் ஏற்றிய காய் என்றால், தண்ணீர் பச்சையாகிவிடும்.

கம்பியில் இறங்கிய தேயிலை

கடைத்தெருவை விட்டு மலைப் பக்கம் போனால், சுமார் 16 கிலோ மீட்டரில் குரங்கணி. "மைனா" படத்தில் பார்த்த ஊர் இதுதான். வழியில் இருக்கும் கொட்டகுடிக்கு ஒரு பழைய கதை உண்டு.

வெள்ளைக்காரர்கள் காலத்தில் மூணாறு தேயிலை, குட்டி ரெயிலில் மலை உச்சிக்கு வந்தது. அங்கிருந்து கம்பி வழியாகத் தொங்கிக்கொண்டே கொட்டகுடிக்கு இறங்கியது. பிறகு வண்டியில் போடிக்கு! 1924-ம் ஆண்டு பெருவெள்ளம் அந்த மலை ரெயிலை அடித்துக்கொண்டு போய்விட்டது. உச்சியில் உள்ள இடத்துக்கு மட்டும் "டாப் ஸ்டேஷன்" என்ற பெயர் இன்றும் இருக்கிறது. ஸ்டேஷன்தான் இல்லை!

கருகிய புல்வெளி

குரங்கணியில் இருந்து மலை ஏறுவது இளைஞர்களுக்குப் பெரிய ஆசை. அந்த ஆசையோடு வந்தவர்கள்தான், 2018-ம் ஆண்டு மார்ச் 11-ந்தேதி காட்டுத் தீயில் சிக்கினார்கள். சென்னையில் இருந்தும், ஈரோடு, திருப்பூர்ப் பக்கம் இருந்தும் வந்தவர்கள். கொழுக்குமலையில் இருந்து இறங்கும் வழியில் தீ வளைத்துக்கொண்டது. 20-க்கும் மேற்பட்டோர் உயிர் இழந்தனர். மலைக் கிராமத்து மக்கள் ஓடிப்போய், காயம் அடைந்தவர்களைத் தூக்கி வந்தார்கள். விமானப்படை ஹெலிகாப்டர்களும் வந்தன.

மழை நின்று இரண்டு மாதம் ஆனால், இந்தச் சரிவுகளில் புல் சருகாகிவிடும். தீ, மேட்டை நோக்கித்தான் வேகமாக ஓடும். மனிதனால் மேட்டில் அப்படி ஓட முடியாது. ஊர்க்காரர்கள் இதை அறிவார்கள். வெளியூர்க்காரர்களுக்குப் புல்வெளி அழகாக மட்டுமே தெரியும்.

இப்போது வனத்துறையின் அனுமதி இல்லாமல் காட்டில் நடக்கக்கூடாது. அரசே நடத்தும் மலையேற்றத் திட்டம் 2024-ம் ஆண்டு தொடங்கியது. அதில் குரங்கணி - சாம்பலாறு பாதையும் உண்டு. உள்ளூர் வழிகாட்டிகள் கூடவே வருவார்கள். தீ பிடிக்கும் காலத்தில் பாதையை மூடிவிடுவார்கள். "வேறு குறுக்கு வழி காட்டுகிறேன்" என்று யாராவது அழைத்தால், போகவேண்டாம்.

குழந்தைகளோடு வருகிறவர்களுக்கு

நடக்க முடியாதவர்களுக்கு போடிமெட்டு இருக்கவே இருக்கிறது. மூணாறு போகும் பஸ்சில் ஏறினால், கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மாநில எல்லையில் இறங்கலாம். வாந்தி வரும் குழந்தைகளுக்கு ஓர் எலுமிச்சம்பழம் எடுத்துக்கொள்ளுங்கள்.

கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டம் 7 ஆயிரம் அடிக்கு மேல் இருக்கிறது. அது தேனி மாவட்டம்தான். ஆனால் கேரளத்துச் சூரியநெல்லிக்குப் போய், அங்கிருந்து ஜீப்பில்தான் ஏறவேண்டும். பாதை முழுவதும் கல். இடுப்பு வலிக்காரர்கள், போடிமெட்டிலேயே சூடாக ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்புவது நல்லது.