மோட்டார் நியூரான் நோய்: பிரிட்டனில் யாருக்கு, எவ்வளவு, எப்போது உதவி? - சந்தேகங்களும் விளக்கங்களும்

பிரிட்டனின் லீட்ஸ் நகரில், ரக்பி லீக் வீரர் ராப் பர்ரோவின் பெயரில் மோட்டார் நியூரான் நோயாளிகளுக்கான தனி மையம் 2025 நவம்பரில் திறக்கப்பட்டது. பொதுமக்கள் அளித்த நன்கொடையால் எழுந்த கட்டடம் இது. இந்த நோய்க்கு அரசு தருவது எது, தொண்டு அமைப்புகள் தருவது எது என்பதில் பரவலாக எழும் சந்தேகங்களும் அவற்றுக்கான விளக்கங்களும் இங்கே.

மோட்டார் நியூரான் நோய் என்றால் என்ன?

மூளையிலும் தண்டுவடத்திலும் இருந்து தசைகளை இயக்கும் நரம்பணுக்கள் படிப்படியாகச் செயலிழக்கும் நோய் இது. நடை, கைப்பிடி, பேச்சு, விழுங்குதல், முடிவில் மூச்சு என ஒவ்வொன்றாகப் பாதிக்கப்படும். பிரிட்டனில் எந்த நேரத்திலும் சுமார் 5,000 பேர் இந்நோயுடன் வாழ்கின்றனர். நோய் உறுதியான இரண்டு ஆண்டுகளுக்குள் பாதிக்கும் மேற்பட்டோர் இறந்துவிடுகின்றனர். விஞ்ஞானி ஸ்டீபன் ஹாக்கிங் 1963-ல் நோய் கண்டறியப்பட்ட பிறகும் 2018 வரை வாழ்ந்தது மிக அரிதான விதிவிலக்கு.

உதவி செய்யும் அமைப்புகள் எவை?

இங்கிலாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து ஆகிய பகுதிகளுக்கு, 1979-ல் தொடங்கப்பட்டு நார்தாம்டனில் இயங்கும் மோட்டார் நியூரான் நோய் சங்கம் பொறுப்பு. ஸ்காட்லாந்தில் வசிப்போர் ‘எம்.என்.டி. ஸ்காட்லாந்து’ அமைப்பை அணுக வேண்டும். ரக்பி வீரர் டாடி வியர் 2017-ல் தொடங்கிய அறக்கட்டளை முக்கியமாக ஆராய்ச்சிக்கு நிதி தருகிறது.

யார் கேட்கலாம்? கட்டணம் உண்டா?

நோய் உறுதி செய்யப்பட்டவர், அவரது குடும்பத்தினர், பராமரிப்பவர் என எவரும் கேட்கலாம். சங்கத்தின் உதவி எண்ணுக்கு (0808 802 6262) பேசக் கட்டணம் இல்லை. நோயாளிக்கும் பராமரிப்பவருக்கும் உறுப்பினர் சேர்க்கையும் இலவசம். வீட்டுக்கு வந்தோ தொலைபேசியிலோ துணை நிற்கும் பயிற்சி பெற்ற தொண்டர்களும் பல பகுதிகளில் உள்ளனர்.

பண உதவி எதற்கெல்லாம் கிடைக்கும்?

அரசு மருத்துவச் சேவையும் உள்ளாட்சி மன்றமும் ஈடுகட்டாத தேவைகளுக்கே சங்கத்தின் மானியம் வழங்கப்படுகிறது. எனவே, முதலில் அந்த இரு இடங்களிலும் கேட்டிருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கப்படும். பராமரிப்பவருக்கும், நோயாளியின் வீட்டில் வளரும் பிள்ளைகளுக்கும் தனி மானியம் உண்டு. தொகையும் நிபந்தனைகளும் அவ்வப்போது மாறுவதால், பொருள் எதையும் வாங்கும் முன்பே உதவி எண்ணில் விசாரித்து உறுதி செய்துகொள்வது பாதுகாப்பு.

சக்கர நாற்காலி செல்லும் வகையில் வீட்டை மாற்றியமைக்க யார் பணம் தருவார்கள்?

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இது உள்ளாட்சி மன்றத்தின் பொறுப்பு. மாற்றுத்திறனாளிகளுக்கான வீட்டு வசதி மானியமாக இங்கிலாந்தில் 30,000 பவுண்ட், வேல்ஸில் 36,000 பவுண்ட், வட அயர்லாந்தில் 25,000 பவுண்ட் வரை வழங்கப்படலாம். பெரியவர்களுக்கு வருமானமும் சேமிப்பும் கணக்கில் எடுக்கப்படும். இங்கிலாந்தில் விண்ணப்பத்தின் மீது முடிவெடுக்கவே மன்றத்துக்கு ஆறு மாத அவகாசம் உண்டு. விண்ணப்பித்தபோது கைத்தடியுடன் நடந்தவர் அதற்குள் படியேற முடியாதவராகிவிடக்கூடும் என்பதால், நோய் உறுதியானவுடன் விண்ணப்பிப்பதே சரி. இந்த நோயாளிகளுக்கு விரைவு வழி வேண்டும் என்று சங்கமும் வலியுறுத்தி வருகிறது.

பேச்சு போய்விட்டால் சொந்தக் குரலைத் திரும்பப் பெற முடியுமா?

பேச்சு குழறத் தொடங்கும் முன் பதிவு செய்தால் முடியும். அந்தப் பதிவைக் கொண்டு கணினிக் குரல் ஒன்று உருவாக்கப்படும். பின்னர் திரையில் தட்டச்சு செய்வதை அது நோயாளியின் சாயலிலேயே பேசும். இதற்கான செலவைச் சங்கம் ஏற்பது உண்டு. ‘ஐ வில் ஆல்வேஸ் பீ மீ’ என்ற கதையை உரக்கப் படித்து முடித்தாலே போதும் என்ற எளிய முறை 2022-ல் வந்தது. அரை மணி நேர வேலைதான்.

அந்தக் குரல் தமிழ் பேசுமா?

அந்தக் கதை ஆங்கிலத்தில் இருப்பதால், உருவாகும் குரலும் ஆங்கிலத்துக்கானது. வீட்டில் தமிழே பேசுவோருக்கு வேறு வழி இருக்கிறது: பிள்ளையைக் கூப்பிடும் பெயர், ‘சாப்பிட்டாச்சா’, ‘தலையணையைக் கொஞ்சம் உயர்த்து’ போன்ற வாக்கியங்களை அப்படியே பேசிப் பதிந்து, கருவியில் ஒரு பொத்தானுக்கு ஒன்றாகச் சேமிக்கலாம். இதற்கு மொழித் தடை கிடையாது. எந்த முறையானாலும், பேச்சுப் பயிற்சி நிபுணரிடம் முதல் சந்திப்பிலேயே கேட்டுவிட வேண்டும்.

அரசு உதவித்தொகையில் ‘12 மாத விதி’ என்று சொல்லப்படுவது என்ன?

நோயாளி இன்னும் 12 மாதங்களுக்கு மேல் உயிர் வாழ்வது சந்தேகம் என்று மருத்துவரோ சிறப்புச் செவிலியரோ எஸ்.ஆர்.1 படிவத்தில் சான்று தந்தால், விண்ணப்பம் விரைவாகப் பரிசீலிக்கப்படும். முன்பு இந்த வரம்பு ஆறு மாதமாக இருந்தது. சங்கமும் பிற அமைப்புகளும் நடத்திய இயக்கத்துக்குப் பிறகு, குறைந்த வருமானத்தினருக்கான யுனிவர்சல் கிரெடிட் உதவித்தொகைக்கு 2022 ஏப்ரலிலும், தனிநபர் சுயேச்சை உதவித்தொகைக்கும் முதியோர் கவனிப்பு உதவித்தொகைக்கும் 2023 ஏப்ரலிலும் மாற்றப்பட்டது. இவ்விதியின் கீழ், பின்னர் சொன்ன இரு உதவித்தொகைகளிலும் அன்றாடப் பராமரிப்புக்கான உயர் விகிதமே கிடைக்கும். 2025-26 நிதியாண்டில் அது வாரத்துக்கு 110.40 பவுண்ட். ஸ்காட்லாந்தில் இத்தகைய மாத வரம்பே இல்லை.

விசாவில் இருப்பவர், உதாரணமாக இலங்கையிலிருந்தோ இந்தியாவிலிருந்தோ வந்து பிள்ளைகளுடன் வசிக்கும் பெற்றோர், உதவி கேட்கலாமா?

விசாவில் ‘பொது நிதி கோரக் கூடாது’ என்ற நிபந்தனை இருந்தால், மேற்சொன்ன அரசு உதவித்தொகைகளைக் கோர முடியாது. கோரினால் விசாவுக்கே பாதகமாகலாம். தொண்டு அமைப்பு தரும் உதவி பொது நிதியில் சேராது. பயந்து ஒதுங்கியிருக்கும் குடும்பங்கள் சங்கத்தைத் தயங்காமல் அணுகலாம்.

சங்கத்திடம் பணம் பெற்றால் அரசு உதவித்தொகை குறையுமா?

தொண்டு அமைப்பின் உதவி பொதுவாக வருமானமாகக் கணக்கிடப்படுவதில்லை. மொத்தமாகப் பெற்ற தொகை செலவாகாமல் வங்கியில் தங்கினால் மட்டும், அது சேமிப்பாகக் கருதப்படலாம். யுனிவர்சல் கிரெடிட்டில் சேமிப்பு 6,000 பவுண்டைத் தாண்டினால் தொகை குறையத் தொடங்கும். 16,000 பவுண்டுக்கு மேல் போனால் தகுதியே போய்விடும்.

லீட்ஸ் மையத்தில் யார் சிகிச்சை பெறலாம்?

சீக்ராஃப்ட் மருத்துவமனை வளாகத்தில் உள்ள இம்மையம் அரசு மருத்துவச் சேவையின் அங்கம் என்பதால், சிகிச்சைக்கு அங்கு நன்கொடையோ கட்டணமோ கேட்கப்படாது. லீட்ஸ் மருத்துவமனைகளின் அறக்கட்டளை இதற்காக 68 லட்சம் பவுண்ட் திரட்டியது; கட்டுமானம் தொடங்கியது 2024 ஜூன் 3, பர்ரோ இறந்ததற்கு மறுநாள். தொலைவில் வசிப்போர் அங்குதான் போக வேண்டும் என்பதில்லை. நரம்பியல் மருத்துவர், உணவியல் நிபுணர், சுவாசச் சிகிச்சையாளர் ஆகியோரை ஒரே குழுவாகக் காணும் வசதி, சங்கத்தின் நிதியுதவி பெறும் 20-க்கும் மேற்பட்ட பராமரிப்பு மையங்களில் உண்டு.

நன்கொடை பராமரிப்புக்குப் போகிறதா, ஆராய்ச்சிக்கா?

சங்கம் இரண்டுக்கும் செலவிடுகிறது. 2014-ல் பனிக்கட்டி வாளியைத் தலையில் கவிழ்க்கும் சவால் பரவியபோது, சங்கத்துக்குச் சுமார் 70 லட்சம் பவுண்ட் சேர்ந்தது. நோயைக் குணமாக்கும் மருந்து இன்னும் இல்லை. நெடுங்காலமாகப் பயன்பாட்டில் உள்ள ரிலுசோல் நோயின் வேகத்தைச் சற்றே குறைக்கும், அவ்வளவுதான்; ஆகவே ஆராய்ச்சிக்கான செலவையும் தள்ளிவைக்க வழியில்லை.

நன்கொடை தருவோருக்கு ஏதேனும் நிபந்தனை உண்டா?

பிரிட்டனில் வரி செலுத்துவோர் ‘கிஃப்ட் எய்டு’ உறுதிமொழியில் ஒப்பமிட்டால், ஒவ்வொரு பவுண்டுக்கும் 25 பென்ஸை அரசிடமிருந்து சங்கம் கூடுதலாகப் பெறும். அந்த ஆண்டில் செலுத்திய வரி, இவ்வாறு கோரப்படும் தொகைக்குக் குறையாமல் இருக்க வேண்டும்; குறைந்தால் வித்தியாசத்தை நன்கொடையாளர் கட்ட நேரும். அங்கு வரி செலுத்தாமல் வெளிநாட்டில் வாழ்வோரும் நன்கொடை அனுப்பலாம். இந்தக் கூடுதல் தொகை மட்டும் சேராது.