கரண்ட் வைத்து முடித்த பிறகு

தொண்டைப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு எடுப்பதை நம் ஊரில் 'கரண்ட் வைக்கிறது' என்பார்கள். அந்தச் சொல்லே பலரை மிரட்டிவிடுகிறது. ஆனால் கருவிக்கு அடியில் படுத்திருக்கும் சில நிமிடங்களில் சுடுவதும் இல்லை, ஷாக் அடிப்பதும் இல்லை. தலை அசையாமல் இருக்க முகத்தையும் கழுத்தையும் இறுக்கிப் பிடிக்கும் வலைபோன்ற பிளாஸ்டிக் முகமூடிதான் முதல் வாரத்துச் சங்கடம். சிகிச்சை எடுத்து வீட்டுக்கு வந்தவர் உடம்பிலிருந்து கதிர் எதுவும் வெளியே வராது. பேரக்குழந்தையைத் தாராளமாக மடியில் வைத்துக்கொள்ளலாம்.

வழக்கமான கணக்கு, நாளைக்கு 2 கிரே (கதிரின் அளவைச் சொல்லும் அலகு) வீதம் வாரத்துக்கு 5 நாள். 7 வாரத்தில் 35 முறை, மொத்தம் 70 கிரே. நோய் முற்றியிருந்தால் சிஸ்பிளாட்டின் போன்ற கீமோ மருந்தும் கூடவே ஏறும். இரண்டாம், மூன்றாம் வாரத்தில் வாயும் தொண்டையும் புண்ணாகத் தொடங்கும். எச்சில் பசையாக இறுகும். நாக்குக்கு ருசி தெரியாது. கழுத்துத் தோல் கறுத்து உரியும்.

35-ஆம் முறை முடிந்ததும் குடும்பமே பெருமூச்சு விடுகிறது. ஏமாற்றம் அங்கேதான் காத்திருக்கிறது. கதிர்வீச்சின் வேலை அன்றோடு நிற்பதில்லை. புண்ணும் வலியும் உச்சத்துக்குப் போவது பெரும்பாலும் கடைசி வாரத்திலும், அதற்கடுத்த ஒன்றிரண்டு வாரங்களிலும்தான். சிகிச்சை முடிந்துவிட்டது, ஆனால் தண்ணீர் குடிப்பதுகூட வேதனையாக இருக்கிறது. 'நோய் திரும்பிவிட்டதோ' என்று மனசு அடித்துக்கொள்ளும். ஏழு வாரம் தினமும் பார்த்த நர்ஸும் டெக்னீஷியனும் பக்கத்தில் இல்லை. அடுத்த பரிசோதனைத் தேதியோ தள்ளி இருக்கிறது. மிக மோசமான நாட்களும் மிகத் தனிமையான நாட்களும் ஒன்றாக வந்து சேரும் இந்த இடைவெளியைப் பற்றி முன்கூட்டியே போதுமான அளவுக்கு நாம் பேசுவதில்லை.

அந்த நேரத்தில், இதே பாதையில் ஆறு மாதம் முன்னால் போனவர் போனில் வந்து, "எனக்கும் இப்படித்தான்ண்ணே இருந்துச்சு. மூணாவது வாரம் கஞ்சி இறங்க ஆரம்பிச்சுது" என்று கரகரத்த குரலில் சொன்னால் அது வேறு மாதிரி காதில் விழுகிறது. மருத்துவர் சொன்ன அதே செய்தியாகவே இருக்கலாம். சொல்பவரின் குரலே அதற்குச் சாட்சியாக நிற்கிறது.

இந்த உறவு பெரும்பாலும் ஏற்பாடு எதுவும் இல்லாமல் காத்திருப்பு பெஞ்சில்தான் பிறக்கிறது. ஒரே நேரத்துக்கு அழைக்கப்படுபவர்கள் வாரக்கணக்கில் ஒரே முகங்களைப் பார்க்கிறார்கள். யாருக்கு எத்தனை 'கரண்ட்' முடிந்தது என்பது எல்லோருக்கும் மனப்பாடம். வெளிநாடுகளில் இதையே அமைப்பாக வளர்த்திருக்கிறார்கள். வாய்ப் புற்றுநோயிலிருந்து மீண்ட நான்சி லியூபோல்ட் என்ற பெண்மணி 1991-இல் அமெரிக்காவில் தலை, கழுத்துப் புற்றுநோயாளிகளுக்கென்றே ஓர் ஆதரவு அமைப்பைத் தொடங்கினார். புதிதாக நோய் கண்டவரை, அதே மாதிரி சிகிச்சையைக் கடந்து வந்தவரோடு பேசவைப்பது அதன் முக்கியமான பணிகளில் ஒன்று.

'அதே மாதிரி' என்பது இங்கே முக்கியம். குரல்நாணில் தொடக்க நிலையில் இருக்கும் கட்டிக்கு, கதிர் படும் இடம் சிறியது. பல மருத்துவமனைகளில் 28 முறையிலேயே முடிந்துவிடும். உமிழ்நீர்ச் சுரப்பிகள் பெரிதாகப் பாதிக்கப்படுவதில்லை. நாக்கின் அடிப்பகுதியிலோ அடித்தொண்டையிலோ நோய் வந்து, கழுத்து நெறிக்கட்டிகளுக்கும் சேர்த்துக் கதிர் வைப்பவரின் பாடு வேறு. இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, 'அவருக்கு 28, எனக்கு மட்டும் ஏன் 35?' என்று ஒப்பிட ஆரம்பித்தால் ஆறுதலே பயமாகிவிடும்.

சக நோயாளியின் துணை எங்கே அதிகம் பலன் தருகிறது என்று கேட்டால், சாப்பாட்டில் என்பேன். "சாப்பிட்டாச்சா?" என்று கேட்டுத்தான் நாம் பிரியத்தைச் சொல்கிறோம். நோயாளியின் வீட்டில் அந்தக் கேள்வியே வதையாகிறது. மனைவி மூன்று விதமாகச் சமைத்து வைப்பார். கணவர் ஒரு வாய் வைத்துவிட்டு, மணலை மெல்வதுபோல் இருக்கிறது என்று தட்டைத் தள்ளுவார். கோபம் இவர்மேலும் இல்லை, அவர்மேலும் இல்லை. ஆனால் இரண்டு பேரும் அழுகிறார்கள். ருசி சில மாதங்களில் மெல்லத் திரும்பும், சிலருக்கு ஓராண்டுகூட ஆகும் என்பதை, அதே அடுப்படியில் நின்று தவித்த இன்னொரு மனைவி சொல்லவேண்டும். துணைக்கு இருப்பவருக்கும் ஒரு துணை தேவைப்படுகிறது.

பெஞ்சில் கைமாறும் யோசனைகளில் நல்லவை நிறைய உண்டு. கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி உப்பு, ஒரு தேக்கரண்டி சமையல் சோடா கலந்து நாளுக்குப் பலமுறை வாய் கொப்பளிப்பது. மிளகாயும் புளியும் இல்லாமல் குழைய வேகவைத்து ஆறவைத்த சாப்பாடு. வலி மாத்திரை போட்டு அரைமணி கழித்துச் சாப்பிட உட்காருவது. இரவில் தலைமாட்டில் தண்ணீர் பாட்டில்.

மூக்கு வழியாக உணவு டியூப் போட்டுவிட்டால் வாய்க்கு ஓய்வு கொடுக்கலாம் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் விழுங்கும் தசைகள் வேலை இல்லாமல் கிடந்தால் இறுகிவிடும். ஹூஸ்டனில் உள்ள எம்.டி. ஆண்டர்சன் மருத்துவமனையைச் சேர்ந்தவர்கள் 497 நோயாளிகளை ஆராய்ந்து 2013-இல் வெளியிட்ட கட்டுரை இதைத் தெளிவாகக் காட்டியது. சிகிச்சைக் காலத்தில் வாய்வழியாகச் சாப்பிடுவதையும் விழுங்கும் பயிற்சியையும் விடாதவர்களே பிற்பாடு இயல்பான உணவுக்கு அதிகம் திரும்பினார்கள். பாதுகாப்பாக விழுங்க முடிகிறது என்று விழுங்குதல் சிகிச்சையாளர் சொல்லியிருந்தால், டியூபோடு இருக்கும்போதும் ஒவ்வொரு மடக்காகக் குடித்துக்கொண்டே இருக்கவேண்டும்.

தாடைக்கும் இதே கதைதான். மூன்று விரல்களை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து, மேல்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் நடுவே நுழைகிறதா என்று அவ்வப்போது பாருங்கள். இடம் குறைந்துகொண்டே வந்தால் தாடை இறுகுகிறது என்று பொருள். ஐஸ்கிரீம் குச்சிகளை அடுக்கி, வாரத்துக்கு ஒன்றாகக் கூட்டி வாயைத் திறந்து பழகும் பயிற்சியைச் சிகிச்சையாளர் கற்றுத்தருவார். சலிப்பான வேலை. தனியாகச் செய்பவர்கள் பத்தே நாளில் விட்டுவிடக்கூடும். "இன்னிக்கு எத்தனை குச்சி?" என்று கேட்க ஒருவர் இருந்தால் தொடர்வது எளிது.

சக நோயாளியிடம் கேட்கக்கூடாதவையும் உண்டு. மருந்தின் அளவு அவரவர் மருத்துவர் சொல்வது. கைபேசியில் சுற்றிவரும் 'புற்றைக் கரைக்கும்' சாறுகள், பொடிகள் எதையும் மருத்துவரிடம் காட்டாமல் தொடவேண்டாம். 38 டிகிரி செல்சியஸைத் தாண்டும் காய்ச்சல், தண்ணீர்கூட இறங்காமை, ரத்தம் வருதல், மூச்சிழுக்கும்போது சத்தம், குடிக்கும்போதெல்லாம் புரையேறுவது ஆகியவற்றில் எது வந்தாலும் ஆலோசனை கேட்டுக்கொண்டிருக்காமல் நேராக மருத்துவமனைக்குப் போகவேண்டும்.

பின்னாளில் எச்சரிக்கையாக இருக்கவேண்டியவை இரண்டு. கதிர் பட்ட தாடையில் பல் பிடுங்கினால் எலும்பு ஆறாமல் அழுகக்கூடும். எத்தனை ஆண்டு ஆனாலும் பல் மருத்துவரிடம் கதிர்வீச்சு எடுத்ததை முதலில் சொல்லுங்கள். கழுத்தில் கதிர் பட்டவருக்குத் தைராய்டு மந்தமாகலாம். ஆறு முதல் பன்னிரண்டு மாதங்களுக்கு ஒருமுறை டி.எஸ்.எச். ரத்தப் பரிசோதனை செய்துகொண்டே வரவேண்டும். மாதங்கள் கடந்தும் தீராத அசதியை 'வயசாயிடுச்சு' என்று தள்ளிவிடாதீர்கள்.

இப்படி ஒரு துணையைத் தேடுபவர் கதிர்வீச்சுப் பிரிவின் ஆலோசகரிடமோ, பேச்சு மற்றும் விழுங்குதல் சிகிச்சையாளரிடமோ, "என்னை மாதிரி எடுத்து முடிச்சவங்க யாராவது பேசச் சம்மதிப்பாங்களா?" என்று கேட்கலாம். சம்மதம் வாங்கி எண்ணைத் தருவார்கள். கடைசி வாரம் வரை காத்திருக்காமல் முதல் வாரத்திலேயே கேட்பது நல்லது. முடித்தவர்களிடமும் ஒரு கோரிக்கை. மறுபரிசோதனைக்கு வரும் நாளில் அரைமணி முன்னதாக வந்து அதே பெஞ்சில் உட்காருங்கள். முகமூடி அளவெடுக்க வந்தவர் ஒருவர் அங்கே இருப்பார்.