'ஆர்ஃபன் டிரக்' அந்தஸ்து கிடைச்சா மருந்து விலை குறையுமா? 45,000 சம்பளக்காரருக்கு ஒரு கணக்கு

16 கோடி ரூபாய் ஊசிக்குப் பணம் திரட்டுற வீடியோ ஒண்ணாவது உங்க வாட்ஸ்அப்புக்கு வந்திருக்கும். அதுக்குக் கீழே யாராவது ஒருத்தர், "இதை அரசாங்கம் ஆர்ஃபன் மருந்துன்னு அறிவிச்சா விலை இறங்கிடுமே"ன்னு எழுதியிருப்பார். நல்ல எண்ணம்தான். ஆனா சட்டம் சொல்றது வேற.

முதல்ல அர்த்தத்தைப் பார்ப்போம். 2019-ல் வந்த புதிய மருந்துகள் மற்றும் மருத்துவப் பரிசோதனை விதிகள்படி, இந்தியாவில் 5 லட்சம் பேருக்கு மேல் போகாத ஒரு நோய்க்கான மருந்துதான் 'ஆர்ஃபன் டிரக்'. நம்ம மக்கள்தொகைக்கு இது கிட்டத்தட்ட 2,900 பேரில் ஒருத்தர். 30,000 பேர் இருக்கிற ஊர்னா அதிகபட்சம் பத்துப் பேர். பத்துப் பேருக்காக எந்தக் கம்பெனி தொழிற்சாலை கட்டும்? அதனாலதான் கேட்பாரில்லாத மருந்துன்னு இந்தப் பெயர்.

இந்த அந்தஸ்தால் கம்பெனிக்கு என்ன கிடைக்குது? மருத்துவப் பரிசோதனை விண்ணப்பத்துக்குக் கட்டணம் இல்லை. பரிசீலனையும் சீக்கிரம் நடக்கும். 2024 ஆகஸ்ட் உத்தரவுக்குப் பிறகு அமெரிக்கா, பிரிட்டன், ஜப்பான், ஆஸ்திரேலியா, கனடா, ஐரோப்பிய ஒன்றியத்தில் அனுமதி வாங்கின அரிய நோய் மருந்துக்கு இங்கே தனியா பரிசோதனை நடத்துறதில் இருந்து விலக்கு கேட்கலாம். அமெரிக்காவில் 1983 சட்டப்படி 7 வருஷம் தனி விற்பனை உரிமை கொடுக்கிறாங்க, ஐரோப்பாவில் 10 வருஷம். அந்த மாதிரி ஏகபோகம் நம்ம விதிகளில் இல்லை.

சரி, விலை? இங்கேதான் பலரும் நினைக்கிறதுக்கு நேர் எதிர். 2013 மருந்து விலைக் கட்டுப்பாட்டு ஆணையில் 2019 ஜனவரியில் ஒரு திருத்தம் வந்தது. சுகாதார அமைச்சகம் முடிவு செய்யற ஆர்ஃபன் நோய் மருந்துகளுக்கு அந்த ஆணையில் இருந்தே விலக்கு. அதாவது அந்தஸ்து கிடைச்சா உச்சவரம்பு வர்றதில்லை, இருக்கிற வரம்பும் விலகிடுது! கம்பெனிகள் இந்தியாவுக்கு வரணும்னு வச்ச தூண்டில் இது. எனக்கு இதில் முழு சம்மதம் இல்லை, ஆனா காரணம் புரியுது.

செஞ்சிக் கோட்டையைப் பார்த்தவங்களுக்கு இதைச் சுலபமா சொல்லிடலாம். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரின்னு மூணு மலை. ஒண்ணு ஏறிட்டா மத்த ரெண்டும் ஏறின மாதிரி ஆகாது. மருந்துக்கு அனுமதி ஒரு மலை, விலை ஒரு மலை, யார் காசு கொடுக்கிறதுங்கறது மூணாவது. ஆர்ஃபன் அந்தஸ்து முதல் மலையில் மட்டும்தான் படி வெட்டிக் கொடுக்குது.

இப்போ கணக்குக்கு வருவோம். செஞ்சியில் குடும்பம், சென்னையில் வேலை, மாசம் 45,000 சம்பளம்னு வச்சுக்குவோம். அக்கா பையனுக்கு எஸ்எம்ஏ, அதாவது முதுகுத்தண்டு தசைச் சிதைவு நோய். அதுக்கு ரிஸ்டிப்ளாம்னு ஒரு வாய்வழி மருந்து இருக்கு. ரோஷ் கம்பெனியோட பாட்டில் இந்தியாவில் சுமார் 6.2 லட்சம். 20 கிலோவுக்கு மேல் எடை இருந்தா தினம் 5 மில்லிகிராம். ஒரு பாட்டிலில் 60 மில்லிகிராம். 12 நாளைக்கு ஒரு பாட்டில், வருஷத்துக்கு 31. மொத்தம் 1.92 கோடி.

2025 அக்டோபரில் நிலைமை மாறிச்சு. ரோஷின் காப்புரிமையைக் காட்டி நாட்கோ கம்பெனியைத் தடுக்கணும்னு தொடுத்த வழக்கில், தடை தர முடியாதுன்னு டெல்லி உயர் நீதிமன்ற அமர்வு சொன்னது. சில நாளிலேயே உச்ச நீதிமன்றமும் தலையிட மறுத்திடுச்சு. நாட்கோ 15,900 ரூபாய்க்குக் கொண்டு வந்தது. அதே 31 பாட்டில், இப்போ 4.93 லட்சம். விலையை இறக்கினது காப்புரிமை வழக்கும் போட்டியும்தான், ஆர்ஃபன் அந்தஸ்து இல்லை.

ஆனாலும் நம்ம ஆளோட வருஷச் சம்பளம் 5.4 லட்சம். மருந்து போக மிச்சம் மாசத்துக்கு நாலாயிரம் கூட இல்லை.

அதனால மூணாவது மலைதான் முக்கியம். 2021 தேசிய அரிய நோய்க் கொள்கைப்படி, பட்டியலில் உள்ள நோய்களுக்கு ஒரு நோயாளிக்கு 50 லட்சம் வரை உதவி உண்டு. 2022-ல் உயர்த்தின தொகை இது. எஸ்எம்ஏ மூணாவது பிரிவில் இருக்கு. பழைய விலையில் 50 லட்சத்துக்கு 8 பாட்டில், மூணு மாசத்தில் தீர்ந்துடும். புது விலையில் அதே பணம் பத்து வருஷம் வரும். இந்த வித்தியாசத்தை ஒரு தடவை நின்னு யோசிச்சுப் பாருங்க. "50 லட்சமா, அது எங்கே போதும்"னு விட்டவங்க இப்போ மறுபடி விசாரிக்கணும்.

பணம் உங்க கைக்கு வராது. அறிவிக்கப்பட்ட உயர் சிறப்பு மையங்கள் வழியாத்தான் வரும். முதல் பட்டியலில் இருந்த எட்டில் தமிழ்நாட்டு மருத்துவமனை ஒண்ணும் இல்லை. செஞ்சிக்காரருக்குக் கிட்டக்க பெங்களூரும் ஐதராபாத்தும்தான். பிறகு பட்டியல் நீண்டிருக்கு. கிளம்பறதுக்கு முன்னாடி அமைச்சகத்தோட இப்போதைய பட்டியலைப் பார்த்துக்கோங்க. பஸ் செலவும் லீவும் மிச்சம்.

வெளிநாட்டிலிருந்து வரவழைக்கிற மருந்தா? கொள்கைப் பட்டியலில் உள்ள நோய்களுக்கு, சொந்த உபயோகத்துக்கான இறக்குமதிக்கு 2023 ஏப்ரல் 1 முதல் அடிப்படை சுங்க வரி கிடையாது. பொதுவா 10 சதவீதம் இருந்தது. ஒரு கோடி மருந்துக்கு 10 லட்சம் மிச்சம்! அதுக்கு ஒரு சான்றிதழ் வேணும். மாவட்ட மருத்துவ அதிகாரியோ சிவில் சர்ஜனோ கொடுத்தாலே செல்லும், டெல்லிக்கு ஓட வேண்டாம்.

ஆபீஸ் குரூப் இன்ஷூரன்ஸை மட்டும் நம்பாதீங்க. வீட்டில் வாயால குடிக்கிற மருந்துக்குப் பெரும்பாலான பாலிசி காசு தராது, ஆஸ்பத்திரியில் சேர்ந்தால்தான். புறநோயாளி செலவுக்கு எவ்வளவுன்னு எச்ஆர்கிட்ட எழுத்தில் கேளுங்க. குழந்தை பிறந்தா சேர்க்கிறதுக்கு எத்தனை நாள் அவகாசம்னும் அதே மெயிலில் கேட்டிடுங்க.

வரியில், ஹீமோபீலியா, தலசீமியா மாதிரி குறிப்பிட்ட நோய்களுக்கு 40,000 வரை கழிவு உண்டு. நோயாளி மூத்த குடிமகனா இருந்தா 1 லட்சம். அதுவும் பழைய வரி முறையில் இருந்தால்தான். பட்டியலில் இல்லாத அரிய நோய்க்குக் கிடையாது. ஆனா சார்ந்திருக்கிறவருக்கு 40 சதவீத ஊனச் சான்றிதழ் இருந்தா 75,000 கழிவு, கடுமையான ஊனம்னா 1.25 லட்சம். நம்ம உதாரணத்தில் இதைக் கேட்க வேண்டியது அக்காவோ மாமாவோதான். மருமகனுக்காகத் தாய்மாமன் எவ்வளவு செலவு பண்ணினாலும், வரிச் சட்டத்துக் கண்ணில் அவர் 'சார்ந்தவர்' கணக்கில் வரமாட்டார்.